எட்டு கார் நிக்கிற இடமும் பதினாலாவது ஐட்டமும்

எங்க தெருவுல பஸ்ஸுக்குன்னு தனி லேன் போடப்போறாங்க, அதுக்காக ரோட்டோரத்துல எட்டு கார் நிக்கிற இடத்த எடுக்கப்போறாங்கன்னு கம்பத்துல நோட்டீஸ் ஒட்டியிருந்தத பாத்தப்போ எனக்கு வந்த கோபம் இருக்கே, சொத்து வரி ஏத்தினப்போ கூட அப்படி வந்ததில்ல. இத்தனைக்கும் அந்த எட்டு இடமும் என்னோடது கிடையாது. அதுக்குன்னு நான் ஒரு பைசா கட்டினதும் கிடையாது. ராத்திரி வேலை முடிஞ்சு வந்தா எட்டுல ஏதோ ஒண்ணு காலியா இருக்கும், வண்டிய விட்டுட்டு மேல ஏறிடுவேன், பன்னண்டு வருஷமா அப்படித்தான். பன்னண்டு வருஷம் ஒரே இடத்துல துண்டு போட்டா அது நம்ம சீட்டுதானேங்கற நியாயம். அந்த நியாயத்த எடுத்துக்கிட்டுதான் வாழ்க்கையில முதல் தடவையா ஒரு கவுன்சில் மீட்டிங்குக்குப் போனேன்.

ஏழு மணிக்குக் கூட்டம். கீழ பேஸ்மெண்ட்ல கார விட்டேன், வாசல்ல இருந்த செக்யூரிட்டி பார்க்கிங் சீட்டுல சீல் குத்திக் குடுத்தாரு, கூட்டத்துக்கு வர்றவங்களுக்கு ஃப்ரீயாம். மேல போனா இன்னொரு சீட்டு எழுதணும், பேரு, எந்த ஐட்டத்த பத்திப் பேசப்போறீங்க, ஆதரவா எதிர்ப்பா. ஒரு ஆளுக்கு மூணு நிமிஷம், மணி அடிச்சா உக்காந்துடணும். நான் வீட்லயே கண்ணாடி முன்னாடி நின்னு ஃபோன்ல டைமர் வெச்சு ரெண்டு நிமிஷம் அம்பது செகண்டுக்குப் பேசிப் பாத்துட்டுதான் போயிருந்தேன். (சிரிக்காதீங்க, போனா நீங்களும் அதான் பண்ணுவீங்க.)

அஜெண்டால மொத்தம் பதினாறு ஐட்டம். அடுத்த வருஷ பட்ஜெட்டோட பகுதிகள், ரோட்டோர பார்க்கிங் மாற்றம், அஞ்சு வருஷ போக்குவரத்துத் திட்டம், நடுவுல சின்னச் சின்ன டெண்டர், பேர் மாத்தறது, ஒப்புதல் வாங்கறது. என்னோடது ஒம்பதாவது. பக்கத்து சீட்ல அறுபது வயசுக்கு மேல இருக்கற ஒரு அம்மா, கையில பஸ் டைம்டேபிள், மடிச்சு மடிச்சு ஓரமெல்லாம் கிழிஞ்சு போனது.

"தம்பி, பதினாலாவது எத்தன மணிக்கு வரும்?"

"தெரியலம்மா, நானே முதல் தடவையா வரேன்."

"பத்தஞ்சுக்கு எனக்கு கடைசி பஸ். அதுக்குள்ள வந்துடும்ல?"

வந்துடும்மான்னு சொன்னேன். ஏழு மணிக்கு யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க.

பதினாலாவது ஐட்டம் என்னன்னு அஜெண்டாவ திருப்பிப் பாத்தேன். செலவு குறைப்பு நடவடிக்கையா சில ரூட்டுகள்ல ராத்திரி ஒம்பது மணிக்கு மேல ஓடற ட்ரிப்புகள நிறுத்தறது. அந்த அம்மா வேலை முடிஞ்சு கிளம்பறதே ஒம்பதே காலுக்காம். அன்னிக்கு லீவு போட்டுட்டு வந்திருந்தாங்க.

மீட்டிங் ஆரம்பிச்சப்போ சர்ர்ருன்னு போச்சு. ஆறாவது ஐட்டம், நகரம் முழுக்க ரோட்டுக்கு மறுபடி தார் போடற மூணு வருஷ ஒப்பந்தம், அந்தத் தொகையில எத்தன சைபர்னு நான் எண்ணி முடிக்கறதுக்குள்ள 'ஒருமனதாக நிறைவேறியது'ன்னு மேயர் சொல்லிட்டாரு. யாரும் ஒரு கேள்வி கேக்கல. பொதுமக்கள் பக்கத்துலேருந்து யாராவதுன்னு கேட்டாரு, நாங்களும் சும்மாதான் இருந்தோம். எனக்கு தார பத்தி என்ன தெரியும், எத்தன சென்டிமீட்டர் போடணும், எத்தன வருஷம் தாங்கும். ஆனா பார்க்கிங்? அதுல நான் பன்னண்டு வருஷ அனுபவசாலி. ஹால்ல இருந்த அத்தன பேரும் அனுபவசாலி. எட்டாவது ஐட்டம் ஏழே முக்காலுக்கு முடிஞ்சுது, ஒம்பதாவது ஐட்டத்துக்கு மட்டும் முப்பத்தொரு பேர் பேர் குடுத்திருந்தாங்க. யானைய வித்துட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசின கதைன்னு பாட்டி சொல்லும், அந்தப் பேரத்துல நான் பதினொண்ணாவது ஆளா நின்னேன்.

மொதல்ல பேசினவர் கடைக்காரர். என் கஸ்டமர் எல்லாம் கார்லதான் வர்றாங்க, பார்க்கிங் போச்சுன்னா வியாபாரம் போச்சு, நான் ஷட்டர இழுத்துட்டுப் போக வேண்டியதுதான்னாரு. பாவமா இருந்துச்சு, நானும் கை தட்டினேன். அப்பறம் பல நாள் கழிச்சு இத பத்தி உக்காந்து படிக்கும்போதுதான் தெரிஞ்சுது, உலகம் முழுக்க கடைக்காரங்க இதையேதான் சொல்றாங்க, உலகம் முழுக்க தப்பாவும் சொல்றாங்க. இங்கிலாந்துல பிரிஸ்டல்ல க்ளாஸ்டர் ரோடுன்னு ஒரு கடைத்தெரு, அங்க கடைக்காரங்கள உங்க கஸ்டமர்ல எத்தன பேர் கார்ல வர்றாங்கன்னு கேட்டா 41 சதவீதம்னாங்க, கஸ்டமர்களையே கேட்டா 22 தான். ஆஸ்திரியாவுல கிராஸ் நகரத்துல 58ன்னு நெனச்சாங்க, நெஜத்துல 32. பொய் சொல்றாங்கன்னு இல்ல. கார்ல வர்றவன்தான் 'பார்க்கிங்கே கெடைக்கல சார்'னு உள்ள வந்து புலம்புவான். நடந்து வர்றவன் எதுக்குப் புலம்பப் போறான், வாங்கிட்டுப் போயிட்டே இருப்பான். கல்லால உக்காந்திருக்கறவருக்குப் புலம்பல்தான் ஞாபகம் இருக்கும். இன்னொண்ணு, கடைக்காரரே கார்லதான் வர்றாரு, வாசல்ல மொத இடத்துல நிக்கறது பாதி நாள் அவர் வண்டியாதான் இருக்கும்.

இது புது விஷயமும் இல்ல. உலகத்துலயே மொத பார்க்கிங் மீட்டர் வந்ததே இதனாலதான். 1935 ஜூலை 16, அமெரிக்காவுல ஓக்லஹோமா சிட்டி. கடைத்தெருவுல வேலை பாக்கறவங்களே காலையில வந்து வண்டிய விட்டுட்டு சாயங்காலம்தான் எடுக்கறாங்க, வாங்க வர்றவங்களுக்கு இடமில்ல. கார்ல் மாகீன்னு ஒரு பத்திரிகை ஆசிரியர், வியாபாரிகள் சங்கத்துல ட்ராஃபிக் கமிட்டிய பாத்துக்கிட்டவரு, அவர் யோசனையில வந்த மிஷின், ஒரு மணி நேரத்துக்கு அஞ்சு சென்ட். காசு சம்பாதிக்கறத விட வண்டி நகர்ந்துகிட்டே இருக்கணுங்கறதுதான் அதோட மொத வேலை. தெருவுல ஒரு பக்கம் மட்டும் மீட்டர் வெச்சாங்க, கொஞ்ச நாள்லயே எதிர்ப்பக்கத்துக் கடைக்காரங்க எங்களுக்கும் வைங்கன்னு வந்து நின்னாங்க. எதிர்க்கடை வாசல்ல வண்டி வந்து வந்து போறது கண்ணுல பட்டா வேற என்ன பண்ணுவாங்க.

சரி, ஹாலுக்கு வரேன். அஞ்சாவது ஆளா ஆறாவது ஆளான்னு ஞாபகமில்ல, ஒருத்தர் எழுந்து ஏன் மாடி பார்க்கிங் கட்டக்கூடாது, எல்லா பிரச்சனையும் தீர்ந்துடும்லன்னாரு, பெரிய கைதட்டல். ஒரு கவுன்சிலர் மெதுவா எந்தக் கணக்குலேருந்துன்னு கேட்டாரு. அங்கதான் எனக்கு மொத தடவையா பட்ஜெட்டுல ரெண்டு பை இருக்குன்னு தெரிஞ்சுது. ஒண்ணு கேபிட்டல் கணக்கு, கட்டறதுக்கு, வாங்கறதுக்கு, அதுக்குக் கடன் வாங்கலாம், மேல இருக்கற அரசாங்கத்துலேருந்து மானியம் வரும், ரிப்பன் வெட்டலாம், ஃபோட்டோ வரும். இன்னொண்ணு ரெவின்யூ கணக்கு, சம்பளம், டீசல், கரண்ட், ரிப்பேர், வருஷா வருஷம் நம்ம சொந்தக் காசுல போடணும், இதுக்கு யாரும் ரிப்பன் வெட்ட மாட்டாங்க. ஒரு பைலேருந்து எடுத்து இன்னொண்ணுல போடறது லேசு இல்ல. அதனாலதான் பல ஊர்ல மானியத்துல வாங்கின புது பஸ் டிப்போல பளபளன்னு நிக்கும், ஓட்டறதுக்கு ஆள் இருக்காது, டிரைவர் சம்பளம் மானியத்துல வராதே. மாடி பார்க்கிங்கும் அப்படித்தான், அமெரிக்காவுல கட்டற செலவே ஒரு காருக்கு 20,000 டாலருக்கு மேல போகுது, அதுக்கப்பறம் லிஃப்ட், லைட்டு, வாட்ச்மேன் எல்லாம் இருக்கு. அந்தக் கடன அடைக்கற அளவுக்குக் கட்டணம் வெச்சா, கீழ ரோட்டோரத்துல ஃப்ரீயா இடம் இருக்கற வரைக்கும் எவன் மேல ஏறுவான்? நான் ஏற மாட்டேன். அதையும் அன்னிக்குத்தான் யோசிச்சேன்.

எட்டு மணி, எட்டரை மணி. அந்த அம்மா டைம்டேபிள விரிச்சு விரிச்சுப் பாத்துட்டு இருந்தாங்க.

அப்போ ஒரு கவுன்சிலர், ஒரு பஸ் ரெண்டு நிமிஷம் லேட்டாப் போறதுக்காக எட்டு குடும்பத்தோட இடத்த எடுக்கணுமான்னு கேட்டாரு. சரியான கேள்வின்னு நான் முன்னாடி சாஞ்சு உக்காந்தேன், என் பேச்சுலயும் அந்த வரி இருந்துச்சு. போக்குவரத்துப் பிரிவுலேருந்து ஒரு சின்னப் பொண்ணு, இன்ஜினியர், எழுந்து வந்து போர்டுல எழுதிக் காட்டுச்சு. பேப்பர் கூட பாக்கல. ஒரு ரூட் போயிட்டு வர 60 நிமிஷம். பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் வேணும்னா எத்தன பஸ்? ஆறு. வழியில அஞ்சு இடத்துல நின்ன காரு வெளிய எடுக்கறது, உள்ள விடறது, ரெண்டாவது வரிசையில இண்டிகேட்டர் போட்டு நிக்கறது, ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு ரெண்டு நிமிஷம் போயி அந்த 60 நிமிஷம் 70 ஆயிடுச்சு. இப்போ அதே பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் வேணும்னா? ஏழு. ஏழாவது பஸ்ஸால ஸ்டாப்புல நிக்கறவங்களுக்குப் புதுசா ஒண்ணும் கெடைக்காது, பழையபடி பத்து நிமிஷத்துக்கு ஒண்ணுதான் வரும். ஆனா அந்த ஏழாவது பஸ் காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் ஓட ரெண்டு ஷிஃப்ட், வார லீவு, உடம்பு சரியில்லாத லீவு எல்லாம் சேத்தா மூணு டிரைவராவது வேணும், டீசல் வேணும், டயர் வேணும், எல்லாம் ரெவின்யூ கணக்கு, எல்லாம் வருஷா வருஷம்.

உக்காந்துடுச்சு. ஹால்ல பெருசா சலசலப்பு ஒண்ணும் இல்ல, எத்தன பேருக்குப் புரிஞ்சுதுன்னு தெரியல. எனக்கு மட்டும் உள்ள என்னமோ ஆச்சு. பன்னண்டு வருஷமா என் காருக்கு வாடகை கட்டலன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். வாடகை போயிட்டுதான் இருந்திருக்கு, பார்க்கிங் பக்கத்துல எழுதாம பஸ் பக்கத்துல எழுதியிருக்காங்க. அப்போ அந்த ஏழாவது பஸ்ஸுக்குக் காசு எங்கேருந்து வருது? அஜெண்டாவ மறுபடி திருப்பினேன். ஒம்பதாவது ஐட்டமும் பதினாலாவது ஐட்டமும் ஒரே ஐட்டம், நடுவுல நாலு நம்பர் விட்டு எழுதியிருக்காங்க, அவ்வளவுதான்.

என் பேரக் கூப்டாங்க.

இப்போ நீங்க நெனைப்பீங்க, நான் எழுந்து போயி மனசு மாறி நல்லதா ரெண்டு வார்த்த பேசினேன்னு. இல்லங்க. எழுதிட்டுப் போனதத்தான் படிச்சேன். கண்ணாடி முன்னாடி பழகினது அப்படியே வாயில வந்துடுச்சு, அதுல அந்த ரெண்டு நிமிஷ லேட் வரியும் இருந்துச்சு, அந்த இன்ஜினியர் பொண்ணு என்ன பாத்துச்சு, நான் மைக்க பாத்தேன். ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டுல முடிச்சுட்டேன், மணி அடிக்கக்கூட இல்ல. கடைக்காரர் கை குடுத்தாரு.

கோபம் இருக்கறப்போ ஒரு ஆள கேட்டா என்ன வரும்னு இதுலேருந்து தெரிஞ்சுக்கிட்டேன். இதுக்கு பெரிய அளவுல ரெண்டு ஊர் உதாரணம் இருக்கு. ஸ்காட்லாந்துல எடின்பரோ, நகரத்துக்குள்ள கார் வந்தா கட்டணம்னு ஒரு திட்டம், 2005 பிப்ரவரில மொதல்ல மக்கள்கிட்ட ஓட்டு கேட்டாங்க, முக்கால்வாசி பேர், 74 சதவீதம், வேண்டாம்னுட்டாங்க, முடிஞ்சுது கதை. ஸ்வீடன்ல ஸ்டாக்ஹோம், அங்கயும் ஆரம்பத்துல பெரும்பாலானவங்களுக்குப் பிடிக்கல, ஆனா அவங்க வரிசைய மாத்தினாங்க. 2006 ஜனவரி 3லேருந்து ஜூலை 31 வரைக்கும் மொதல்ல நடத்திக் காட்டினாங்க, கட்டணம் வசூலிச்சுதான். ட்ராஃபிக் கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சுது. ஜூலை முடிஞ்சு கட்டணத்த நிறுத்தினதும் நெரிசல் திரும்ப வந்துச்சு, அதையும் ஜனங்க அனுபவிச்சாங்க, அதுக்கப்பறம் செப்டம்பர்ல ஓட்டு. நகரத்து ஜனங்கள்ல பாதிக்குக் கொஞ்சம் மேல சரின்னுட்டாங்க, 2007 ஆகஸ்ட்லேருந்து நிரந்தரம். ரெண்டு ஊர் ஜனங்களுக்கும் கார் மேல இருக்கற பாசத்துல பெரிய வித்தியாசம் இருக்கும்னு நான் நம்பல, ஓட்டு எப்போ கேட்டாங்கங்கறதுதான் வித்தியாசம். மான்செஸ்டர் 2008ல மறுபடி எடின்பரோ மாதிரியே மொதல்ல கேட்டு 79 சதவீத எதிர்ப்பு வாங்கிக்கிட்டாங்க, பக்கத்து வீட்டுக்காரன் வழுக்கி விழுந்த படியிலயே கால் வெச்சாங்க.

அந்த மீட்டிங்குக்கு அப்பறம் நாலஞ்சு மாசம் எனக்கு இது ஒரு பைத்தியமாவே ஆயிடுச்சு. ராத்திரி தூக்கம் வரலன்னா எங்கயோ இருக்கற ஊர்களோட கவுன்சில் வீடியோவ போட்டு பாத்துட்டு இருப்பேன், வீட்ல எல்லாரும் ஒரு மாதிரி பாக்க ஆரம்பிச்சாங்க. டொனால்ட் ஷூப்னு ஒரு பேராசிரியர், லாஸ் ஏஞ்சலஸ்ல யுசிஎல்ஏ பல்கலைக்கழகம், 2025ல காலமானாரு, வாழ்நாள் பூரா பார்க்கிங்க பத்தியே ஆராய்ச்சி பண்ணவரு. வெஸ்ட்வுட் வில்லேஜ்னு பதினஞ்சு ப்ளாக் இருக்கற ஒரு கடைப்பகுதியில, ரோட்டோரத்துல மலிவா இடம் தேடி ஜனங்க எவ்வளவு சுத்தறாங்கன்னு கணக்கெடுத்தாரு, சராசரியா ஒரு ஆளுக்கு 3.3 நிமிஷம்தான். மூணு நிமிஷம் என்ன பெருசுன்னு தோணும். ஒரு வருஷத்துக்குக் கூட்டினா 9,50,000 மைல் வந்துச்சு, பூமிய 38 தடவ சுத்தற தூரம், அந்தப் பதினஞ்சு ப்ளாக்குக்குள்ளயே. அவர் சொன்ன மருந்து ரொம்ப சிம்பிள்: ஒவ்வொரு தெருவுலயும் ஒண்ணு ரெண்டு இடம் எப்பவும் காலியா இருக்கற மாதிரி கட்டணம் வைங்க, வர்ற காச அதே தெருவுக்கே செலவு பண்ணுங்க.

ரெண்டாவது பாதிதான் சூட்சுமம். அந்த ஊர் பக்கத்துலயே பாசடீனால பழைய கடைத்தெரு ஒண்ணு, இடிஞ்சு கெடந்துச்சு, மீட்டர் வெக்கறேன்னு நகராட்சி சொன்னப்போ கடைக்காரங்க, கட்டட ஓனர்கள் எல்லாம் முடியவே முடியாதுன்னு நின்னாங்க. வர்ற காசு மொத்தமும் உங்க தெருவுக்கேன்னு சொன்னதும் பேச்சே மாறிடுச்சு, அப்போ ராத்திரியிலயும் ஞாயித்துக்கிழமையும் கூட வசூலிங்கன்னாங்களாம். 1993ல மீட்டர் வந்துச்சு, அந்த வருமானத்தக் காட்டி 50 லட்சம் டாலர் கடன் வாங்கி நடைபாதை, விளக்கு, மரம், பின்சந்துன்னு எல்லாத்தையும் சரி பண்ணாங்க. அதே அஞ்சு காசு பொதுக் கஜானாவுக்குப் போனா அது வரி, கண்ணெதிர விளக்கா எரிஞ்சா அது நம்ம விளக்கு. இங்கிலாந்துல நாட்டிங்ஹாம்லயும் இதே சூட்சுமம்தான், 2012லேருந்து பதினோரு பார்க்கிங் இடமோ அதுக்கு மேலயோ வெச்சிருக்கற கம்பெனிங்க ஒவ்வொரு இடத்துக்கும் வருஷக் கட்டணம் கட்டணும், ஆரம்பத்துல 288 பவுண்ட், அந்தக் காசு போக்குவரத்துக்குத்தான்னு முடிச்சு போட்டு வெச்சாங்க, அதுல ட்ராம் பாதை நீட்டினாங்க. சான் ஃபிரான்சிஸ்கோல 2011லேருந்து ரெண்டு வருஷம் தெருவுக்குத் தெரு, நேரத்துக்கு நேரம் கட்டணத்த ஏத்தி இறக்கிப் பாத்தாங்க, கடைசியில சராசரிக் கட்டணம் மணிக்கு 11 சென்ட் இறங்கித்தான் இருந்துச்சு, இடம் தேடற நேரமும் 43 சதவீதம் குறைஞ்சுது.

இதுக்கு நேர் எதிர் சிகாகோ. அத படிச்ச ராத்திரி எனக்கு நெஜமாவே தூக்கம் போச்சு. 2008 டிசம்பர், பட்ஜெட்ல ஓட்டை, உடனே காசு வேணும். நகரத்துல இருக்கற 36,000 பார்க்கிங் மீட்டரையும் 75 வருஷத்துக்கு ஒரு தனியார் கூட்டமைப்புக்குக் குத்தகை, மொத்தமா 115 கோடி டாலர் கையில. பொன்முட்டை வாத்த அறுக்கல, அதுவரைக்கும் புத்திசாலிங்க, பேரன் காலம் வரைக்கும் அடுத்த வீட்டுக்கு வாடகைக்கு விட்டுட்டாங்க. கவுன்சிலர்களுக்கு ஒப்பந்தத்தப் படிக்கக் கெடைச்சது ரெண்டு மூணு நாள், ஓட்டு 40க்கு 5. மறு வருஷம் நகரத்தோட இன்ஸ்பெக்டர் ஜெனரலே (போலீஸ் இல்ல, நகராட்சியில தப்பு நடக்குதான்னு கண்காணிக்கற அதிகாரி) கணக்குப் போட்டு, குறைஞ்சது 97 கோடி டாலர் கம்மியா வித்துட்டீங்கன்னாரு. அதுக்குள்ள கட்டணம் சர்ருன்னு ஏறிடுச்சு, வாங்கின காசும் சில வருஷத்துலயே பட்ஜெட் ஓட்டைகள அடைக்கறதுலயே கரைஞ்சு போச்சு. போட்ட காச அந்தக் கூட்டமைப்பு 60 வருஷத்துக்கு மேல பாக்கி இருக்கும்போதே எடுத்துடுச்சு. இதெல்லாம் கூடப் பரவாயில்ல, என்னை உலுக்கினது வேற ஒண்ணு. அந்த ஊர்ல ஒரு பஸ் லேனோ சைக்கிள் பாதையோ போடணும், அதுக்காக மீட்டர் இருக்கற இடத்த எடுக்கணும்னா, நகரம் அந்தக் கூட்டமைப்புக்கு நஷ்டஈடு குடுக்கணும், இல்ல வேற எங்கயாவது சமமா இடம் காட்டணும். அதாவது சொந்த ரோட்டோட ஓரத்த மாத்தறதுக்கு வெளியாளுக்குக் காசு கட்டணும். எங்க ஊர் மீட்டிங்குல எட்டு இடத்துக்கு முப்பத்தொரு பேர் பேசினோம், எரிச்சலா இருந்துச்சு, சிகாகோல 36,000 இடத்துக்குப் பேச யாருக்கும் நேரமே குடுக்கல. தார் ரோடு ஒப்பந்தம் எனக்கு அப்போதான் மறுபடி ஞாபகம் வந்துச்சு. போயி அந்த ஃபைல எடுத்துப் படிச்சேன். (நல்லாத்தான் இருந்துச்சு, ஒண்ணும் தப்பில்ல. ஆனா அத நான் அன்னிக்கே கேட்டிருக்கணும்.)

ஜப்பான் காரங்க இந்தத் தலைவலியே வேண்டாம்னு 1962லயே சட்டம் போட்டுட்டாங்க, கார் வாங்கணுமா, மொதல்ல அத எங்க நிறுத்துவன்னு காட்டு, இப்போ இருக்கற விதிப்படி வீட்லேருந்து ரெண்டு கிலோமீட்டருக்குள்ள இருக்கணும், போலீஸ் வந்து அளந்து பாத்து சர்டிஃபிகேட் குடுக்கும். இத எங்க வீட்ல சொன்னேன், அப்போ நமக்குக் காரே இருந்திருக்காதுன்னாங்க. உண்மைதான்.

ஒம்பதாவது ஐட்டம் பத்து இருபதுக்குத்தான் முடிஞ்சுது. நான் பேசி முடிச்சு உக்காந்ததுக்கப்பறம் இன்னும் இருபது பேர், அதுல பாதி பேர் சொன்னதயே சொன்னாங்க, மேயரும் யாரையும் நிறுத்தல, நிறுத்தினா மக்கள் குரல அடக்கறாருன்னு மறுநாள் போடுவாங்கல்ல. பத்தாகப் பத்து நிமிஷம் இருக்கும்போது அந்த அம்மா எழுந்துட்டாங்க.

"தம்பி, என் பேரக் கூப்டா நான் போயிட்டேன்னு சொல்லிடறீங்களா?"

"நான் கார்ல கொண்டுபோய் விடறேன்மா, இருங்க."

இத நான் சொன்னேனா, இல்ல சொல்லணும்னு நெனச்சதா, இப்போ யோசிச்சா நிச்சயமா தெரியல. சொல்லல. அப்பறம் வீட்டுக்கு வந்து படுத்தப்போதான் அது தோணுச்சு. அன்னிக்கு நான் சொன்னது "சரிம்மா" மட்டும்தான்.

பஸ் லேன் ஆறு மாச சோதனையா, ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்துல நிறைவேறுச்சு. கடைக்காரர் கோவமா எழுந்து போனாரு, அவர் பின்னாடியே முக்கால்வாசி ஹால் காலி. நான் ஏன் இருந்தேன்னு தெரியல, இருந்தேன். பத்துலேருந்து பதிமூணு வரைக்கும் மளமளன்னு போச்சு. பதினாலாவது வந்தப்போ மணி பதினொண்ணு தாண்டியிருந்துச்சு, கவுன்சிலர்கள்ல ரெண்டு பேர் கொட்டாவி விட்டுட்டு இருந்தாங்க, பொதுமக்கள் தரப்புல ஒரே ஒரு சீட்டு. பேரக் கூப்டாங்க. நான் எழுந்து, அவங்களுக்குக் கடைசி பஸ் பத்தஞ்சுக்கு, போயிட்டாங்கன்னு சொன்னேன். நீங்க அவங்க சார்பா பேசறீங்களான்னு மேயர் கேட்டாரு. நான் சீட்டு எழுதிக் குடுக்கலன்னு பக்கத்துல இருந்த அதிகாரி அவர் காதுல ஏதோ சொன்னாரு, அப்போ முடியாதுன்னுட்டாங்க. விதிதான், அவங்கள குத்தம் சொல்ல முடியாது. ஓட்டுக்கு விட்டாங்க.

பேஸ்மெண்ட்ல என் கார் மட்டும்தான் நின்னுச்சு. சீல் குத்தின சீட்ட காட்டினேன், கேட்ட திறந்து விட்டுட்டாங்க.

பத்து நாள் கழிச்சு மீட்டிங்கோட மினிட்ஸ், அதான் நடவடிக்கைக் குறிப்பு, வந்துச்சு, தேடிப் போயி படிச்சேன். ஒம்பதாவது ஐட்டத்துக்கு மட்டும் ஏழு பக்கம், அதுல என்னோடது ஒரு வரி, 'குடியிருப்பாளர் ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்தார்'. பதினாலாவதுக்கு நாலு வரி. ராத்திரி ட்ரிப்புகள நிறுத்தும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பொதுமக்கள் கருத்து: ஒருவர் பெயர் பதிவு செய்திருந்தார், அழைத்தபோது வரவில்லை.